தண்ணீர் எங்கள் துறை, காற்று எங்கள் துறை அல்ல!

'சஸ்டெய்னபிலிட்டி' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. வளங்குன்றா வளர்ச்சி என்கிறார்கள், நீடித்த வளர்ச்சி என்கிறார்கள், இலங்கை நண்பர்கள் நிலைபேறான அபிவிருத்தி என்று எழுதுகிறார்கள். பெயரில் ஒற்றுமை இல்லாதது பெரிய குறையில்லை. இந்தப் பெயரைச் சொல்லி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்பதுதான் என் புகார். கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சொல்லவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர், காற்று, மண், உணவு, எரிசக்தி, உடல்நலம் என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆராய்கிறார்கள். தன் மூலையைப் பெருக்கி, குப்பையை அடுத்தவர் மூலைக்குத் தள்ளிவிட்டு, "என் பக்கம் சுத்தம்" என்று கட்டுரை வெளியிடுகிறார்கள். வீட்டைப் பெருக்குவது என்பது இதுவா? குப்பை வீட்டுக்குள்ளேயேதானே இருக்கிறது?

பொத்தாம்பொதுவாகத் திட்டினால் யாருக்கும் உறைக்காது. ஒரு நிஜக் கதையை எடுத்துக்கொள்வோம்.

பஞ்சாபில் நடந்தது

பஞ்சாப் நெல் தின்கிற ஊர் அல்ல, கோதுமை தின்கிற ஊர். 1960-61-இல் அங்கே நெல் பயிரான பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர்தான். இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். பசுமைப் புரட்சி, அரசின் உறுதியான கொள்முதல் விலை, 1997-இல் வந்த (நடுவில் கொஞ்ச காலம் நின்று மறுபடி தொடர்ந்த) இலவச மின்சாரம், இவையெல்லாம் சேர்ந்து செய்த வேலை. இலவசக் கரண்ட் இருந்தால் மோட்டாரை எதற்கு அணைக்க வேண்டும்? நிலத்தடி நீர் சரசரவென்று இறங்கியது. ஆண்டுதோறும் ஊறுகிற நீரைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் அங்கே உறிஞ்சுகிறார்கள் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அண்மைக் கணக்குகள் சொல்கின்றன. வரவுக்கு மேல் செலவு. எத்தனை நாள் தாங்கும்?

இங்கேதான் நீர் ஆய்வாளர்கள் வருகிறார்கள். அவர்கள் சொன்னது நியாயமான யோசனை. மே மாதக் கடைசியில், அனல் காற்றடிக்கும்போது நாற்று நட்டால், வயலில் நிறுத்திய தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது. நடவைத் தள்ளிப்போட்டுப் பருவமழைக்கு அருகில் கொண்டுவந்தால் ஆவியாவதும் குறையும், மழையும் கைகொடுக்கும். விளைச்சலும் பெரிதாக அடிபடாது. அரசு கேட்டுக்கொண்டது. 2008-இல் அவசரச் சட்டம், 2009-இல் முழுச் சட்டம். மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது. மீறினால் ஹெக்டேருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், நட்ட பயிரையும் அழித்துவிடுவார்கள். ஹரியானாவும் அதே ஆண்டு இதேபோல ஒரு சட்டம் போட்டது. பின்னாளில் பஞ்சாபில் தேதி ஜூன் 15 ஆனது, 2018-இல் ஜூன் 20-க்கும் போனது.

இதுவரை எல்லாம் சரி. இப்போது பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போடுங்கள். நடவு தள்ளிப்போனால் அறுவடை என்ன ஆகும்? அதுவும் தள்ளிப்போகும். நெல்லுக்குப் பின்னால் அதே வயலில் கோதுமை விதைக்க வேண்டும். கோதுமை நவம்பர் நடுப்பகுதிக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். தாமதித்தால் மார்ச்சில் மணி பிடிக்கும் நேரத்தில் வெயில் வந்து தாக்கும், விளைச்சல் போகும். (2022 மார்ச்சில் வந்த வெப்ப அலையில் கோதுமை கருகி, மே மாதத்தில் ஏற்றுமதியையே நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா?) ஆக, கோதுமைத் தேதி நகராது, நெல் தேதி நகர்ந்துவிட்டது. நடுவில் விவசாயிக்குக் கிடைக்கிற இடைவெளி இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கிவிட்டது.

அந்த இரண்டு மூன்று வாரத்தில் வயலில் நிற்கிற தாளை அப்புறப்படுத்த வேண்டும். கம்பைன் அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் வாரிக்கொண்டு போகிறது. அடித்தாள் நட்டமாக நிற்கிறது, மேல்தாள் வரிவரியாகக் கிடக்கிறது. "நம்ம ஊரில் வைக்கோலை மாடு தின்னுமே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பஞ்சாபில் மாட்டுக்குக் கோதுமைத் தூள்வைக்கோல் போட்டுத்தான் பழக்கம். பாசுமதி வைக்கோலையாவது ஓரளவு தீவனமாக எடுப்பார்கள். மற்ற ரகங்களின் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் வைக்கோல். கையில் இரண்டு வாரம். கூலியாள் கிடையாது. தீப்பெட்டி ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கொளுத்துவது 2009-க்கு முன்பும் இருந்தது. கம்பைன் வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. சட்டம் அதை உண்டாக்கவில்லை. சட்டம் செய்தது என்னவென்றால், தீ வைக்கும் நாட்களை நெருக்கி நவம்பர் பக்கமாகத் தள்ளியதுதான். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் எப்படிப்பட்ட காலம்? காற்று ஓய்ந்திருக்கும். தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல உட்கார்ந்திருக்கும். புகை மேலே போகாது. வடமேற்கிலிருந்து வீசுகிற லேசான காற்று அதைத் தில்லி நோக்கித் தள்ளும். தில்லியில் ஏற்கனவே வண்டிப்புகை, ஆலைப்புகை, கட்டுமானத் தூசி. அதன் தலையில் இது.

2019-இல் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் சிம்மிட் என்கிற சர்வதேச மக்காச்சோளம்-கோதுமை ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் எழுதிய ஆய்வு ஒன்று வந்தது. நிலத்தடி நீரைக் காக்கும் சட்டத்துக்குப் பின் வயல் தீ குறுகிய காலத்துக்குள் நெருங்கிவிட்டது, அதன் உச்சம் 39 விழுக்காடு கூடிவிட்டது, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அதனால் அதிகமாகிறது என்று அதில் காட்டினார்கள். நல்ல ஆய்வு. என் கேள்வி ஆண்டைப் பற்றியது. சட்டம் 2009. ஆய்வு 2019. நடுவில் பத்து வருடம். "நடவைத் தள்ளினால் அறுவடை தள்ளும்" என்பதற்குச் செயற்கைக்கோள் படம் வேண்டுமா? பஞ்சாபில் எந்தப் பெரியவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

யாரும் முட்டாள் இல்லை

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீர் ஆய்வாளர்கள் தவறாகக் கணக்குப் போடவில்லை. அவர்கள் கட்டுரையில் ஆவியாதல் உண்டு, பாசன எண்ணிக்கை உண்டு, நீர்மட்டம் உண்டு, விளைச்சல் உண்டு. எல்லாமே சரியான எண்கள். புகை என்ற ஒரு பத்தி மட்டும் அந்த அட்டவணையில் கிடையாது. ஏனென்றால் புகை வேறு துறை, வேறு கட்டடம்.

காற்று ஆய்வாளர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் துகளை அளந்தார்கள், எந்தத் துகள் எங்கிருந்து வந்தது என்று பிரித்தார்கள், "எரிப்பதைத் தடை செய்" என்றார்கள். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடையும் போட்டது. விவசாயிக்கு இருந்த இரண்டு வார நெருக்கடி அவர்கள் அட்டவணையில் இல்லை. அது வேளாண் பொருளாதாரக்காரர் வேலை!

வேளாண் பொறியாளர்கள் தங்கள் பங்குக்கு 'ஹேப்பி சீடர்' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். தாளை அகற்றாமலே அதன் நடுவில் கோதுமையை விதைக்கும். ஆஸ்திரேலிய ஆய்வு நிதியோடு லூதியானாவில் 2000-களின் தொடக்கத்திலேயே வேலை ஆரம்பித்தது. உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் அதை இழுக்க சக்தி வாய்ந்த டிராக்டர் வேண்டும், வருடத்தில் மூன்று வாரம்தான் வேலை, மீதி நாள் கொட்டகையில் தூங்கும். இரண்டு ஏக்கர்க்காரர் எப்படி வாங்குவார்? மத்திய அரசு பெரிய அளவில் மானியம் கொடுக்க ஆரம்பித்தது 2018-இல்தான்.

பயிர் இனப்பெருக்க ஆய்வாளர்களைக் கேளுங்கள். பூசா 44 என்ற ரகத்தை 1993-இல் கொடுத்தார்கள். விளைச்சல் பிரமாதம், ஆனால் ஏறக்குறைய 160 நாள் பயிர். பஞ்சாப் விவசாயிகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீண்டநாள் ரகமும் தாமத நடவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதத்தில் முடிகிற பி.ஆர். 126 போன்ற ரகங்கள் பரவியது 2010-களின் பிற்பகுதியில்தான். பூசா 44-ஐ மாநில அரசு தடை செய்தது 2024 பருவத்துக்கு.

பாருங்கள், கையில் எல்லாம் இருந்தது. நடவுத் தேதி ஒருவரிடம், குறுகியகால ரகம் இன்னொருவரிடம், விதைக்கும் கருவி மூன்றாமவரிடம், காற்றோட்டக் கணக்கு நான்காமவரிடம். நான்கு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, "தேதியைத் தள்ளுவதென்றால் ரகத்தையும் கருவியையும் அதே வருடம் சேர்த்துக் கொடு" என்று சொல்ல யாரும் இல்லை. ஆகவே தேதி முதலில் வந்தது, புகை அடுத்து வந்தது, தீர்வு கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தது.

கதை முடியவில்லை. 2025-இல் பஞ்சாப் அரசு நடவை ஜூன் 1-க்கே முன்னுக்குக் கொண்டுவந்தது. அக்டோபர் கொள்முதலில் நெல் ஈரமாக இருக்கிறது என்ற தொல்லையைத் தவிர்க்க என்றார்கள். உடனே நீர்க்காரர்கள் அலறினார்கள். கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை கத்துகிறது. முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

இந்த ஊர் மட்டும்தானா?

பஞ்சாபை மட்டும் குறை சொன்னால் அநியாயம். வங்கதேசத்துக்குப் போவோம்.

1970-களில் அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். யுனிசெஃபும் அரசும் சேர்ந்து அடிபம்பு போட்டார்கள். மக்களுக்கும் பிடித்துப்போய்த் தாங்களே போட்டுக்கொண்டார்கள். 1990-களின் கடைசியில் ஏறக்குறைய ஒரு கோடி அடிபம்புகள்! கிருமி இல்லாத நீர் என்றார்கள். உண்மைதான், கிருமி இல்லை. ஆர்சனிக் இருந்தது. இமயமலையிலிருந்து வந்த வண்டலில் இயற்கையாகவே உள்ள ஆர்சனிக், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்புத் தாதுவிலிருந்து கழன்று நீரில் கலக்கிறது.

நீரைச் சோதித்தவர்கள் கிருமியைத்தான் சோதித்தார்கள், ஏனென்றால் அது பொது சுகாதாரத் துறை. மண்ணின் வேதியியல் நிலவியல் துறை. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில், 1983-லேயே கொல்கத்தாவில் கே.சி. சாஹா என்ற தோல் மருத்துவர் நோயாளிகளின் உடம்பில் ஆர்சனிக் அடையாளங்களைக் கண்டுவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் அது உறுதியாக 1993 ஆனது. நடுவில் 1992-இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்துக் கிணற்று நீரைச் சோதித்துப் பல தனிமங்களின் பட்டியல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை.

பிறகு பாதிக்கப்பட்டவர் ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 2006-இல் தள்ளுபடியானது. அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டிய கடமை அந்த நிறுவனத்துக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் தமிழ்ப்படுத்திப் பாருங்கள்: "ஆய்வுதான் நாங்கள் செய்தோம், குடித்தது அவர்கள்." ஆய்வுலகத்தின் மொத்த மனப்பான்மையும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-இல் வந்த கட்டுரை, வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப்பெரிய நச்சூட்டல் இது என்றது. 12.5 கோடி மக்களில் மூன்றரைக் கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் என்று மதிப்பிட்டது. அதன் பின்புதான் லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்துச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள். அடிபம்பு போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். பம்பு போடும்போதே நிலவியல் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்த வண்டலில் வேறென்ன இருக்கும்?" என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு எவ்வளவு செலவாகும்?

எனக்குக் கிடைத்த பதில்

எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நீடித்த வளர்ச்சி பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கு. (பெயர் வேண்டாம், எல்லா இடமும் ஒன்றுதான்.) நெல் வயலில் தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையைப் பற்றி ஒருவர் பேசினார். தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறைகிறது, அருமையாகப் பேசினார். வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்று சொல்கிறார்களே, அதை அளந்தீர்களா என்று எழுந்து கேட்டேன். "அது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது" என்றார். சரி, களை அதிகமானால் களைக்கொல்லி அதிகமாகுமே என்றேன். "அதுவும் வரம்புக்குள் வராது." அரங்கத்தில் சிரிப்பு. தலைமை தாங்கியவர் "நேரமாகிறது" என்று என்னை உட்காரவைத்துவிட்டார்.

அவருடைய கடைசி ஸ்லைடில் ஐ.நா. சபையின் 17 இலக்குகளில் மூன்றின் வண்ணக் கட்டங்கள் இருந்தன. இப்போது இது ஒரு சம்பிரதாயம். பிள்ளையார் சுழி முதலில் போடுவோம், இதைக் கடைசியில் போடுகிறார்கள். 2015-இல் ஐ.நா. அந்த 17 இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 குறிக்கோள்களையும் வைத்தபோது, அவை ஒன்றோடொன்று பின்னியவை, பிரிக்க முடியாதவை என்றுதான் சொன்னது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? துறைக்கொரு கட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆறாம் இலக்கு சிவில் துறைக்கு, பதின்மூன்று சுற்றுச்சூழல் துறைக்கு. பஞ்சாபின் 2009 சட்டம் ஆறாம் இலக்குக்கு (நீர்) நல்லது, மூன்றாம் இலக்குக்கு (உடல்நலம்) கெட்டது. நல்லதற்கான கட்டத்தை மட்டும் ஒட்டலாம், கெட்டதற்கு ஒட்ட வேண்டியதில்லை. இப்படி ஒரு வசதியான கணக்கு வேறெங்கே கிடைக்கும்? மளிகைக் கடைக்காரர் வரவை மட்டும் எழுதினால் வருமான வரிக்காரர் விடுவாரா?

ஏன் இப்படி?

தனி மனிதர்களின் குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. அமைப்பு அப்படி. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் மதிப்பெண் எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? கட்டுரையை ஒருவர் தனியாக எழுதினால் முழு மதிப்பெண். இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. நெல், நீர், காற்று, பொருளாதாரம் என்று நான்கு துறைக்காரர்கள் சேர்ந்து ஐந்து வருடம் உழைத்து ஒரு கட்டுரை எழுதினால் மூவருக்கு 30 விழுக்காடு. அதே நேரத்தில் தன் மூலையில் உட்கார்ந்து ஐந்து சின்னக் கட்டுரை எழுதுகிறவர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விடுவார். சேர்ந்து வேலை செய் என்று மேடையில் பேசிவிட்டு, சேர்ந்து செய்கிறவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் யார்தான் சேர்வார்கள்?

இதற்கு மருந்து என்று 'பல்துறை மையம்' திறக்கிறார்கள். பெயர்ப்பலகை புதிது, உள்ளே அதே ஆட்கள் அதே அறைகளில். காபி இயந்திரம் மட்டும் பொது.

மறுப்புகள்

எழுதுவதற்கு முன்பே நண்பர்களிடம் வாதாடிப் பார்த்துவிட்டேன். வந்த மறுப்புகள் மூன்று.

ஒன்று: "ஒருவரே எல்லாம் தெரிந்திருக்க முடியுமா? ஆழமாகப் போனால்தான் அறிவியல்." ஒப்புக்கொள்கிறேன். இதய நிபுணர் சிறுநீரகத்தை அறுக்க வேண்டாம். ஆனால் தான் கொடுக்கிற மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று கேட்டுத்தானே கொடுக்கிறார்? நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இரண்டு: "சட்டம் போட்டது அரசியல்வாதி, ஆய்வாளர் அல்ல." பாதி உண்மை. இலவச மின்சாரத்தையும் கொள்முதலையும் தொட எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. எஸ்.எஸ். ஜோல் குழு 1986-லேயே நெல்-கோதுமைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிருக்கு மாற்றச் சொன்னது, கேட்கவில்லை. ஆனால் நடவுத் தேதி என்ற எண் அரசியல்வாதி தலையிலிருந்து உதிக்கவில்லை. அந்த எண்ணைக் கொடுத்தவர்களுக்கு, அதன் மறுபக்கத்தையும் எழுதிக் கொடுக்கும் கடமை உண்டு. அரசியல்வாதி அதைக் குப்பையில் போட்டால் அப்புறம் பழி அவருக்கு.

மூன்று: "எல்லாப் பின்விளைவும் தெரியும்வரை காத்திருந்தால் எதுவுமே நடக்காது." இதுதான் கனமான மறுப்பு. இதற்கு ஓசோன் கதைதான் பதில்.

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சி.எஃப்.சி. வாயு ஓசோனை அரிக்கும் என்று 1974-இல் மோலினாவும் ரோலண்டும் சொன்னார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். சி.எஃப்.சி.க்குப் பதிலாக நாளடைவில் எச்.எஃப்.சி. வந்தது. ஓசோன் பிழைத்தது. ஆனால் எச்.எஃப்.சி. புவியைச் சூடாக்கும். நம் வண்டி ஏ.சி.களில் புழங்கிய எச்.எஃப்.சி. 134ஏ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 1,300 மடங்குக்குக் குறையாத வீரியம் உடையது. இங்கேயும் குப்பை அடுத்த மூலைக்குப் போனது, இல்லையா? ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அறிவியல் குழு, தொழில்நுட்பக் குழு, சுற்றுச்சூழல் விளைவுக் குழு என்று பல துறைக்காரர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒன்றாகக் கூடி மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2016-இல் கிகாலியில் திருத்தம் போட்டு எச்.எஃப்.சி.யையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். காத்திருக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

இதில் நம்மவர் ஒருவரும் வருகிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்சாதனத் தொழிலில் எஞ்சினியர். பிறகு அமெரிக்கா போய் வேறு கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம். 1975-இல் சி.எஃப்.சி. ஒரு கடும் பசுங்குடில் வாயு என்று காட்டியவர் அவர்தான். ஓசோன்காரர்கள் அதை ஓசோனின் எதிரியாக மட்டும் பார்த்த நேரம் அது. பின்னாளில் இந்தியப் பெருங்கடல் மேலுள்ள பழுப்புப் புகைமண்டலத்தை ஆராயப்போய், அங்கிருந்து வட இந்தியக் கிராமத்து விறகடுப்பு வரை வந்தார். குளிர்சாதனம், கோள், மேகம், அடுப்பு. "என் வரம்புக்குள் வராது" என்று எங்காவது அவர் நின்றிருந்தால்?

என்னதான் செய்யச் சொல்கிறாய்?

திட்டிவிட்டுப் போவது சுலபம். என் கோரிக்கைகள் இவை.

1. நீடித்த வளர்ச்சி என்ற பெயரில் வருகிற எந்த ஆய்வேட்டிலும் "இதனால் யாருக்கு என்ன பாரம் கூடும்?" என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதட்டும், அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார்.

2. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவராவது வேறு துறைக்காரராக இருக்க வேண்டும். நீர் ஆய்வேட்டைக் காற்றுக்காரர் குடையட்டும்.

3. கூட்டாக எழுதுகிற பல்துறைக் கட்டுரைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

4. ஆய்வின் முடிவைச் சுமக்கப் போகிறவர்களை, அதாவது விவசாயியை, பம்பில் தண்ணீர் அடிக்கிற பெண்ணை, ஆய்வு தொடங்கும்போதே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பஞ்சாப் விவசாயிக்கு நீர் தனி, தாள் தனி, கோதுமை தனி, காற்று தனி என்று நான்கு வயல் கிடையாது. ஒரே வயல். நான்கு துறையும் சேர்கிற இடம் அவர் தலைதான். உண்மையான பல்துறை வல்லுநர் அவர், கட்டுரைதான் எழுதத் தெரியாது.

இன்று தில்லியில் நவம்பர் வந்தால் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், குழந்தைகள் இருமுகின்றன, தொலைக்காட்சியில் பஞ்சாப் விவசாயியை வில்லனாக்குகிறார்கள். அவர் மேல் வழக்கு, அபராதம். தேதியை எழுதிக் கொடுத்த துறைகள்மேல் ஒரு சுடுசொல்கூடக் கிடையாது. அவர்களுக்கு அடுத்த கருத்தரங்கு இருக்கிறது. குற்றம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதையும் எல்லாத் துறைக்கும் பங்கு போடுங்கள். வண்ணக் கட்டங்களைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிகிறது அல்லவா?

நீர்த்துறை, வேளாண்துறை, காற்றுத்துறை நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் கட்டாயம் கோபப்படுங்கள். கோபப்பட்டுவிட்டு, நாளைக் காலை உங்கள் கட்டடத்தில் அடுத்த துறையின் கதவைத் தட்டி, "நான் செய்கிற வேலையால் உங்கள் பக்கத்தில் ஏதாவது கெடுகிறதா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஆனால் "வரம்புக்குள் வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.